பினாங்குக்குத் தொழிற்சாலைகள் வந்த கதை



வரலாறு என்றாலே நம் பிள்ளைகளுக்குப் பரமேஸ்வராவும் மலாக்கா சுல்தான்களும்தான் நினைவுக்கு வருவார்கள். சென்ற ஆண்டு வகுப்பில் அந்தப் பாடத்தைத்தான் நடத்திக்கொண்டிருந்தேன். அப்போது ஒரு மாணவன் எழுந்து, "சார், எங்க அக்கா வேலை செய்ற மாதிரி பேக்டரிங்க எல்லாம் ஏன் சார் பினாங்குலேயே இருக்கு? நம்ம பக்கம் ஏன் வரல?" என்று கேட்டான். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

தொழிற்சாலைகள் மழைக்கு முளைக்கும் காளான்கள் அல்ல. நம் தோட்டத்தில் கல்யாணப் பேச்சு நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். நல்ல சம்பளக்கார மாப்பிள்ளை ஒருவன் இருக்கிறான் என்று தெரிந்தால் போதும், நாலு வீட்டிலிருந்து ஆள் போகும். ஒரு வீட்டார் நகை போடுகிறோம் என்பார்கள், இன்னொரு வீட்டார் அதற்கு மேலே சொல்வார்கள். பெரிய கம்பெனி ஒன்று இடம் தேடுகிறது என்று கேள்விப்பட்டால் ஊர்களும் நாடுகளும் இப்படித்தான் நடந்துகொள்கின்றன. நிலம் குறைந்த விலைக்குத் தருகிறேன் என்பது ஒன்று. சில ஆண்டுகளுக்கு வரியே கட்ட வேண்டாம் என்பது இன்னொன்று. பினாங்கு இந்தப் பந்தயத்தில் இறங்கியது ஆசையினால் அல்ல, வேறு வழியில்லாமல்தான்.

1786 ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய நாள்தொட்டு பினாங்கு தீர்வையில்லாத் துறைமுகமாக விளங்கி வந்தது யாவரும் அறிந்ததே. சுங்க வரி இல்லாததால் சுற்று வட்டாரத்துச் சரக்கெல்லாம் அங்கே வந்து இறங்கி ஏறின. வியாபாரி பிழைத்தான், மூட்டை தூக்கியவனும் பிழைத்தான். அந்தத் துறைமுகத்தில் வியர்வை சிந்தியவர்களில் நம் இனத்தவர் ஏராளம். அந்தச் சலுகை 1969 இல் பறிபோயிற்று. அதற்கு முன்பே வியாபாரம் தேய்ந்துகொண்டுதான் இருந்தது. வேலை செய்யக்கூடியவர்களில் நூற்றுக்குச் சுமார் 15 பேர் வேலையில்லாமல் இருந்த காலம் அது. அதே 1969 மே மாதத் தேர்தலில் டாக்டர் லிம் சோங் இயூ வென்று முதலமைச்சரானார். அவர் படித்தது வைத்தியம். நோயாளியாகக் கிடைத்ததோ ஒரு மாநிலம்!

இப்போது கொஞ்சம் தெற்கே போக வேண்டும். பினாங்குக்கு முன்பே இதே நோயில் விழுந்து எழுந்தது சிங்கப்பூர். பினாங்கின் போட்டியாளரும் அதுதான், மறைமுக ஆசானும் அதுதான். 1961 இல் பொருளாதார வளர்ச்சிக் கழகம் என்று ஒன்றை அமைத்து, ஜூரோங் சதுப்பு நிலத்தை மேடாக்கித் தொழிற்பேட்டை கட்டத் தொடங்கினார்கள். முதல் சில ஆண்டுகள் வெறிச்சோடிக் கிடந்தது. நிதியமைச்சர் கோ கெங் சுவீயின் முட்டாள்தனம் என்று கேலி செய்தவர்களும் உண்டு. 1965 இல் மலேசியாவிலிருந்து பிரிவு. 1968 இல் பிரிட்டிஷ் இராணுவத் தளங்களை மூடப்போவதாக அறிவிப்பு. அந்தத் தளங்களை நம்பிப் பிழைத்த குடும்பங்கள் ஆயிரமாயிரம். இந்த நெருக்கடியில்தான் அமெரிக்க மின்னணுக் கம்பெனிகளை அவர்கள் தேடிப் பிடித்தார்கள். டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனி வருவதாக முடிவெடுத்த 50 நாளில் அங்கே உற்பத்தி தொடங்கிவிட்டது என்பார்கள். நம் லயத்துக் கூரை ஒழுகுகிறது என்று எழுதிக் கொடுத்தால் எத்தனை நாள் ஆகிறது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

லீ குவான் இயூ தம் நினைவு நூலில் ஒரு சம்பவத்தை எழுதியிருக்கிறார். ஹியூலட் பேக்கர்ட் கம்பெனி ஆறு மாடிக் கட்டடம் ஒன்றின் மேல்தளங்களை வாடகைக்குப் பேசியிருந்தது. பார்வையிட வருபவர் ஹியூலட் அவர்களே. மின்தூக்கியை ஓட்டத் தேவையான மின்மாற்றி இன்னும் வந்து சேரவில்லை. அவ்வளவு பெரிய மனிதரை ஆறு மாடி படியேற விடுவதா? கழகத்து அதிகாரிகள் பக்கத்துக் கட்டடத்திலிருந்து பெரிய மின்கம்பி ஒன்றை இழுத்து இணைத்துவிட்டார்கள். அன்றைக்கு மின்தூக்கி ஓடியது. கம்பெனியும் வந்தது. பந்தயம் எவ்வளவு நெருக்கமாக இருந்தது என்பதற்கு இந்த ஒரு கம்பி போதும்.

சிங்கப்பூர் மட்டுமா? அயர்லாந்தில் ஷானன் விமான நிலையத்தை ஒட்டி 1959 லேயே வரியில்லா வளாகம் ஏற்பட்டிருந்தது. தைவானில் காவ்சியுங் 1966 இலும், தென்கொரியாவில் மாசான் 1970 இலும் கடை விரித்தன. இத்தனை பேர் முன்வரிசையில் நிற்கும்போது, துறைமுகம் போன பினாங்கு பின்னால் வந்து நிற்கிறது.

1969 நவம்பரில் பினாங்கு மேம்பாட்டுக் கழகம் உருவாயிற்று. 1970 இல் நேதன் என்ற அமெரிக்க ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கை வெளிவந்தது. உள்நாட்டுச் சந்தை சிறியது, ஆகவே வெளிநாட்டுக்கு அனுப்பும் பொருளைச் செய்யுங்கள் என்பது அதன் சாரம். நிலம் மாநிலத்தின் கையில், வரியோ மத்திய அரசின் கையில். ஆகவே இரண்டு கையும் சேர்ந்தால்தான் ஓசை வரும். 1971 இல் சுதந்திர வர்த்தக வட்டாரச் சட்டம் நிறைவேறியது. 1972 இல் பாயான் லெப்பாஸில் நாட்டின் முதல் வட்டாரம் திறக்கப்பட்டது.

வட்டாரம் என்பது வேறொன்றுமில்லை, ஒரு வேலி. வேலிக்குள்ளே வரும் பாகங்களுக்குச் சுங்க வரி கிடையாது. உள்ளே பூட்டிச் சேர்த்து மறுபடி வெளிநாட்டுக்கே அனுப்பிவிட வேண்டும். சரி, அந்த வேலியைத் துறைமுகத்துப் பக்கத்தில் போடாமல் ஏன் தெற்கே, வயற்காட்டில் போட்டார்கள்? மாணவர்களே, யோசித்துப் பாருங்கள். ரப்பர் கனமான சரக்கு, கப்பல்தான் சரி. மின்னணுச் சில்லோ விரல் நகத்தை விடச் சிறியது. ஆயிரக்கணக்கில் செய்தாலும் சில பெட்டிகளில் அடங்கிவிடும். அதை விமானத்தில் அனுப்பலாம். பாயான் லெப்பாஸில் விமான நிலையம் இருந்தது. கப்பலால் வாழ்ந்த ஊரை விமானம் காப்பாற்றியது என்றால் மிகையாகாது.

வேறு காரணங்களும் உண்டு. ஆங்கிலம் தெரிந்த எழுத்தர்களும் தொழில்நுட்பர்களும் பினாங்கில் இருந்தார்கள். முதலமைச்சரே கம்பெனித் தலைவர்களிடம் நேரில் பேசினார். இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. சிங்கப்பூரில் 1970 களின் தொடக்கத்திலேயே வேலைக்கு ஆள் பற்றாக்குறை வந்துவிட்டது. அங்கே ஏற்கனவே கடை போட்ட கம்பெனிகளே இரண்டாவது இடம் தேடின. 1968 இல் சிங்கப்பூர் வந்த நேஷனல் செமிகண்டக்டர்தான் பினாங்குக்கும் முதலில் வந்த அமெரிக்க மின்னணுக் கம்பெனிகளில் ஒன்று. போட்டியில் ஜெயித்தவன் வீட்டில் பந்தி நிரம்பினால் அடுத்த வீட்டுக்கும் இலை விழும் போலிருக்கிறது.

இன்டெல் தனது முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை 1972 இல் இங்கேதான் நிறுவியது. 5 ஏக்கர் நெல்வயல், 16 லட்சம் அமெரிக்க டாலர். அதனுடன் ஏ.எம்.டி., ஹியூலட் பேக்கர்ட், ஹிட்டாச்சி, கிளாரியன், போஷ், லிட்ரோனிக்ஸ், நேஷனல் செமிகண்டக்டர் ஆகிய எட்டையும் சேர்த்து "எட்டு சாமுராய்கள்" என்று பினாங்கு மக்கள் பெருமையாகச் சொல்வார்கள். வெளியூர்களும் சும்மா இருக்கவில்லை. சிலாங்கூரில் சுங்கைவேயும் மலாக்காவில் பத்து பிரண்டாமும் வட்டாரங்களாகி, நாட்டுக்குள்ளேயே ஊருக்கு ஊர் போட்டி வந்தது.

கொடுத்த சீர்வரிசை என்ன என்று கேட்பீர்கள். வரி விலக்கு ஒரு பக்கம். அதைவிடப் பெரிதாக நான் கருதுவது வேறு. 1955 ஆம் ஆண்டு வேலைச் சட்டம், இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரை பெண்களை ஆலை வேலையில் அமர்த்தக் கூடாது என்றது. தொழிற்சாலைகளுக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. தோட்டத்தில் 1954 லேயே நமக்கென்று தேசிய சங்கம் ஏற்பட்டுவிட்டது. மின்னணுத் தொழிலாளிக்கோ 1988 வரை சங்கமே இல்லை. அந்த ஆண்டில் கிடைத்ததும் அந்தந்தக் கம்பெனிக்குள் அடங்கிய சங்கம்தான். வட்டாரச் சங்கத்துக்கு 2009 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பதினேழு, பதினெட்டு, இருபது வயதுப் பெண்கள். தலைமுடியை விட மெல்லிய தங்கக் கம்பியைச் சில்லில் பொருத்த வேண்டும். நாள் முழுவதும் பூதக்கண்ணாடிக் கருவியில் கண்ணை வைத்தபடி உட்கார வேண்டும். சில ஆண்டுகளில் பார்வை மங்கியவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்த அம்மா ஒருவர், இப்போது பாட்டி, அப்படி வேலை செய்தவர். "கண்ணு போச்சு தம்பி. ஆனா மொத மாசச் சம்பளத்துல எங்கம்மாவுக்குச் சேலை வாங்கிக் குடுத்தேன். இருட்டுல மரம் வெட்டப் போகாம பஸ்ல ஏறிப் போனேன்" என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். நான் எதை எடுத்து எதைத் தள்ளுவது?

அவருக்கு அந்த வேலை கிடைத்ததே பெரிய பாடு. பெற்றோர்களே, இதைச் சற்றுக் கவனித்துப் படியுங்கள். 1968 இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை செய்ய முடியாது என்றாயிற்று. தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தும் பத்திரம் எடுத்து வைக்காதவர்கள் நம்மில் எத்தனை பேர்! பெர்மிட் கிடைக்காமல் ஆயிரக்கணக்கானோர் குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். ரஜூலா கப்பல் பினாங்குத் துறைமுகத்தில் அவர்களை ஏற்றிக்கொண்டு நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் போயிற்று. ஆண்டுகளை ஒப்பிட்டுப் பாருங்கள். தீவின் ஒரு பக்கத்தில் வேலையில்லை என்று நம் சனம் கப்பலேறுகிறது. அதே தீவின் மறுபக்கத்தில், வேலைக்கு ஆள் தயாராக இருக்கிறது வாருங்கள் என்று கம்பெனிகளுக்கு வயலை மேடாக்கிக் கொடுக்கிறார்கள். ஒருவருக்கொருவர் தெரிந்திருக்கவே நியாயமில்லை. இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் ஒரே பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

தங்கியவர்களுக்கும் வாசல் எளிதாகத் திறக்கவில்லை. தொழிற்சாலை வாசலில் நீல அடையாளக் கார்டு கேட்டார்கள். நல்ல வேலைக்கு மூன்றாம் பாரம் கேட்டார்கள். நம் பிள்ளைகளில் பலர் ஆறாம் வகுப்போடு, இல்லையேல் புகுமுக வகுப்போடு நின்றவர்கள். அந்த அம்மா எல்.சி.இ. வரை படித்திருந்தார். அவருடைய தகப்பனார் எப்போதோ பிறப்புப் பத்திரத்தையும் எடுத்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தார். அவருடன் ஒரே லயத்தில் வளர்ந்த சிநேகிதியிடம் அந்தத் தாள் இல்லை.

அதன் பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1975 இல் இன்டெல் தொழிற்சாலை தீப்பிடித்து எரிந்தது. போய்விடுவார்கள் என்று பயந்தார்கள், திரும்பவும் கட்டினார்கள். 1985 இல் பினாங்குப் பாலம் திறந்தது, பெருநிலத்துப் பெண்கள் பெரிக்குக் காத்திருப்பது குறைந்தது. ஆனால் அதே ஆண்டு உலகச் சந்தை சரிந்து, பல தொழிற்சாலைகள் ஆட்குறைப்புச் செய்தன. வரி விலக்குக்காக வந்தவன், அடுத்த ஊர் அதிகம் தருகிறது என்றால் பெட்டியைக் கட்ட எவ்வளவு நேரமாகும்? சம்பளம் குறைந்த ஊர்கள் அப்போதே வரிசையில் வந்து நின்றுவிட்டன. 1989 இல் பினாங்கு ஒரு காரியம் செய்தது. திறன் மேம்பாட்டு மையம் ஒன்றைத் தொடங்கி, சந்தையில் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளும் கம்பெனிகளையே ஒரு கூரையின் கீழ் உட்கார வைத்து, தொழிலாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க வைத்தது. கம்பி ஒட்டிய கைகள் இயந்திரத்தைப் பழுது பார்க்கவும் சோதிக்கவும் கற்றன. நிலம் எங்கும் கிடைக்கும், அந்தக் கைகள் எங்கும் கிடைக்காது. 2021 டிசம்பரில் இன்டெல் மேலும் 3,000 கோடி வெள்ளி முதலீடு செய்யப்போவதாக அறிவித்தபோது, அந்த 5 ஏக்கர் வயலின் நினைவு எனக்கு வந்தது.

இப்போது பந்தயம் பெருநிலத்துக்கு வந்துவிட்டது. செம்பனைத் தோட்டமாக இருந்த பத்து காவானில் இன்று தொழிற்சாலைகள் வரிசையாக நிற்கின்றன. 2014 இல் திறந்த இரண்டாவது பாலம் அங்கேதான் கரையேறுகிறது. அந்த மாணவனிடம், "நம்ம பக்கமும் வந்துகிட்டுத்தாண்டா இருக்கு" என்றேன். அடுத்த முறை பிள்ளைகளைத் தீவுக்கு அழைத்துப் போகும்போது, துன் டாக்டர் லிம் சோங் இயூ நெடுஞ்சாலையில் தெற்கே போய்ப் பாருங்கள். மாலையில் வேலை முடிகிற நேரமாகப் பார்த்துப் போங்கள். தொழிற்சாலை பஸ்கள் ஒன்றன் பின் ஒன்றாக வெளியே வரும். சன்னலோரம் தலை சாய்த்துத் தூங்கும் பிள்ளைகளில் நம் தோட்டத்துப் பிள்ளையும் ஒன்று இருக்கும்.