காற்றை அளந்து நேரத்தைக் கணித்தல்: ட்ராக் ரேசிங்கில் வானிலையின் பங்கு

காலையில் 12.00 செக்கனில் ஓடி முடித்த கார் ஒன்று, மதிய வெயிலில் அதே பாதையில் 12.12 செக்கன் எடுக்கலாம். சாரதியும் காரும் எரிபொருளும் மாறியிருக்காது. மாறியது காற்று மட்டுமே.

இரண்டு வாகனங்கள் அருகருகே நின்று புறப்பட்டு, நேர்பாதையில் ஓடும் போட்டியே ட்ராக் ரேசிங். வழமையான தூரம் கால் மைல், அதாவது ஏறத்தாழ 402 மீற்றர். அமெரிக்காவில் இதனை நடத்தும் முதன்மை அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.யை 1951இல் வொலி பார்க்ஸ் தொடங்கினார்.

இதில் சாதாரண மக்கள் தமது சொந்தக் கார்களுடன் கலந்துகொள்ளும் பிரிவு 'பிரக்கெற்' ஓட்டம். தனது கார் எத்தனை செக்கனில் முடிக்கும் என்பதை ஒவ்வொருவரும் ஓடுவதற்கு முன்பே அறிவிக்க வேண்டும். மெதுவான கார், அந்த நேர வித்தியாசத்துக்கு ஏற்ப முதலில் புறப்படும். அறிவித்த நேரத்தைவிட விரைவாக முடித்தால் பொதுவாகத் தோல்விதான். எனவே விலையுயர்ந்த எஞ்சின் மட்டும் வெற்றி தராது. பச்சை விளக்குக்கு உடனே புறப்படுவதோடு, தன் காரைச் சரியாகக் கணிக்கவும் வேண்டும். செக்கனின் நூறில் ஒரு பங்கும் முடிவை மாற்றிவிடும்.

எதை அளக்கிறார்கள்?

எஞ்சினுக்குத் தேவை ஒட்சிசன். அது எவ்வளவு கிடைக்கிறது என்பதை மூன்று அளவுகள் தீர்மானிக்கின்றன.

வெப்பநிலை: காற்று சூடானால் விரிந்து அடர்த்தி குறையும். கடல் மட்டத்தில், 15 பாகை செல்சியஸில் உலர்ந்த காற்றின் அடர்த்தி கன மீற்றருக்கு 1.225 கிலோகிராம். அமுக்கம் மாறாமல் வெப்பநிலை 35 பாகையானால் அது ஏறத்தாழ 1.146 ஆகும்.

அமுக்கம்: உயரம் கூடக்கூட அமுக்கம் குறையும், ஒட்சிசனும் குறையும்.

ஈரப்பதன்: நீராவி, ஒட்சிசனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. 35 பாகையில் ஈரப்பதன் 80 சதவீதமாக இருந்தால், காற்றில் 4 சதவீதத்துக்கு மேல் நீராவியே இருக்கும்.

இம்மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்வதே 'அடர்த்தி உயரம்'. கடல் மட்டத்தில் நின்றாலும், 35 பாகை வெயிலில் எஞ்சின் ஏறத்தாழ 700 மீற்றர் உயரத்தில் இருப்பது போலவே இயங்கும்.

எங்கே தவறு நேர்கிறது?

வானிலை அறிக்கையில் வரும் அமுக்கம் கடல் மட்டத்துக்குத் திருத்தப்பட்டது. டென்வர் நகருக்கு அருகே 1958 முதல் 2023 வரை இயங்கிய பண்டிமியர் ஓடுபாதை, ஏறத்தாழ 5,800 அடி உயரத்தில் இருந்தது. அறிக்கை 1013 மில்லிபார் என்று சொல்லும் நாளில்கூட, அங்கே உண்மையான அமுக்கம் ஏறத்தாழ 820 மில்லிபார்தான். அறிக்கையை நம்பிக் கணக்கிட்டால் எல்லாமே பிழைக்கும். அதனால்தான் ஓட்டக்காரர்கள் சிறிய வானிலைக் கருவியைத் தம்முடன் கொண்டுவந்து, ஓடும் இடத்திலேயே, ஓடும் நேரத்திலேயே அளக்கிறார்கள்.

அளவை வைத்து என்ன செய்கிறார்கள்?

முதலாவது, எரிபொருளைச் சரிசெய்தல். காற்று ஐதானால் எரிபொருளைக் குறைக்க வேண்டும், அடர்ந்தால் கூட்ட வேண்டும். குளிர்ந்த இரவில் கூட்ட மறந்தால் ஆற்றல் குறைவதோடு நின்றுவிடாது. கலவையில் எரிபொருள் போதாமல் பிஸ்டன் உருகவும் கூடும்.

இரண்டாவது, நேரத்தைக் கணித்தல். அமுக்கக் கருவி பொருத்தாத எஞ்சினில், அடர்த்தி உயரம் 1,000 அடி கூடினால் ஆற்றல் ஏறத்தாழ 3 சதவீதம் குறையும். நேரம் ஏறத்தாழ 1 சதவீதம் கூடும். 1,000 அடியில் 12.00, 2,000 அடியில் 12.12 செக்கன் ஓடிய காருக்கு, 1,500 அடியில் 12.06 என்று எழுதலாம். ஆனால் இது பொதுக்கணக்கு. ஒவ்வொரு காரின் இயல்பும் வேறு. ஒவ்வோர் ஓட்டத்தின் பின்னும் வானிலையையும் நேரத்தையும் குறித்துவைத்தால்தான் தன் காருக்குரிய எண் தெரியும்.

எதிர்க்காற்றும் பாதையின் சூடும் இந்தக் கணக்குக்குள் வராதவை. பாதை அதிகம் சூடானால் ரயரின் பிடிமானம் குறையும். அவற்றைத் தனியே கவனிக்க வேண்டும்.

பெரிய பணமில்லாத ஒருவருக்கும் இந்தப் பிரிவில் வெல்லும் வாய்ப்பு இருப்பது இதனால்தான். அவருக்கு வேண்டியது ஒரு சிறு கருவி, ஒரு குறிப்பேடு, கண்டதை மாற்றாமல் எழுதும் பழக்கம்.