ஆமை வீட்டுக்குள் அமீனா!

'ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது' என்பார்கள் நம் பாட்டிமார்கள். ஓர் ஆமையின் வீட்டுக்குள்ளேயே அமீனா புகுந்த கதை தெரியுமா உங்களுக்கு?

1803. அலகாபாத் (இன்றைய பிரயாக்ராஜ்) கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்து இரண்டே வருஷம். பழைய தண்ணீர்த் தொட்டி ஒன்றைத் தோண்டினால், அடியில் ஓர் ஆமை! நிஜ ஆமை இல்லை. ஒரே ஜேட் கல்லில் செய்தது. சுமார் ஒன்றரை அடி நீளம், 41 கிலோ கனம்!

ஜேட் என்றால் மரகதம் அல்ல. அது வேறு பச்சைக் கல். உளியால் செதுக்க முடியாது. கடினமான மணலும் தண்ணீரும் விட்டுத் தேய்த்துத் தேய்த்தே உருவம் கொண்டுவர வேண்டும். சீனர்கள் இதில் பலே கில்லாடிகள். அங்கே 5,000 வருஷப் பழைய சமாதி ஒன்றில், இறந்தவரின் கைக்கொன்றாக ஜேட் ஆமைகள் இருந்தன.

அலகாபாத் ஆமையோ மொகலாய வேலைப்பாடு. 1600 வாக்கில் அப்பா அக்பரோடு முறைத்துக்கொண்டு, அங்கே தனி தர்பார் நடத்தினார் இளவரசர் சலீம் (பிற்பாடு ஜஹாங்கீர்). அவருக்காகச் செய்தது என்பது நிபுணர்கள் கணிப்பு. கங்கையில் வாழும் இன்ன இனத்துப் பெண் ஆமை என்றுகூடச் சொல்லிவிடலாம், அத்தனை தத்ரூபம்!

கம்பெனி இன்ஜினீயர் அலெக்ஸாண்டர் கிட் அதை இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். பிறகு, தாமஸ் வில்கின்சன் என்பவரின் உயில்படி 1830-ல் பிரிட்டிஷ் மியூசியத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

கொண்டுபோனவர் பேர், உயில் எழுதியவர் பேர் எல்லாம் பத்திரமாக இருக்கிறது. தேய்த்துத் தேய்த்துச் செய்தாரே, அவர் பேர்? அது எந்தத் தொட்டியின் அடியில் கிடக்கிறதோ!