திரியில் எரிவது எது?

மதுரைக்கு வடமேற்கே ஆனையூர். 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதி. அங்கே ஏதாவது ஒரு பூஜைச் சாமான் கடையில் "திரி கொடுங்க" என்று கேட்டால் உடனே கிடைக்காது. "எந்தத் திரி?" என்று திருப்பிக் கேட்பார்கள். பஞ்சுத் திரி, தாமரைத்தண்டுத் திரி, வாழைத்தண்டுத் திரி, வெள்ளெருக்குத் திரி, மஞ்சள் துணித் திரி, சிவப்புத் துணித் திரி என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பலன் சொல்வார்கள். கல்யாணம் கூடிவர ஒன்று, முன்னோர் சாபம் தீர ஒன்று, பணம் சேர ஒன்று.

பலன் கணக்கு ஒருபக்கம் இருக்கட்டும். இதில் எது நன்றாக எரியும் என்ற கேள்விக்கு ஒரு நீண்ட சரித்திரம் இருக்கிறது. அது ஏதென்ஸ், தஞ்சாவூர், மணவாளக்குறிச்சி என்று சுற்றிவிட்டு, இந்தியாவில் இன்று சட்டப்படி விற்கவே கூடாத ஒரு கருவியில் போய் நிற்கிறது.

முதலில் ஒரு சின்ன விஷயம். விளக்கில் எரிவது திரி என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். எரிவது எண்ணெய். அதுவும் திரவமாக இருக்கும்போது எரிவதில்லை, ஆவியான பிறகுதான் எரிகிறது. திரி வெறும் குழாய். இழைகளுக்கு நடுவே இருக்கும் நுண்ணிய இடைவெளிகள் வழியே எண்ணெய் தானாக மேலே ஏறுகிறது (பள்ளிக்கூடத்தில் படித்த நுண்புழை ஏற்றம்தான்!). நுனியில் சூடுபட்டு ஆவியாகிறது. அப்படி ஆவியாகும்போது திரியின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் எண்ணெய் இருக்கும்வரை திரி கருகாமல் தப்பிக்கிறது. எண்ணெய் தீர்ந்ததும் புகை, நாற்றம், கரி.

அகல் விளக்கு ஏன் அவ்வளவு ஆழம் குறைவாக இருக்கிறது என்பதற்கும் இதுவே காரணம். நல்லெண்ணெயும் விளக்கெண்ணெயும் கொழகொழப்பானவை. திரி வழியாகச் சுடர் வேகத்துக்கு ஈடுகொடுத்து அதிக உயரம் ஏறாது. அதனால் எண்ணெய் மட்டம் சுடருக்குப் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். குயவர் கை வடித்த வடிவம் என்றாலும், அளவை முடிவு செய்தது திரிதான்.

'திரி' என்ற சொல்லே திரித்தல், அதாவது முறுக்குதல் என்பதோடு சேர்ந்தது. ஆனால் அந்த முறுக்கிலும் ஒரு கணக்கு உண்டு. இறுக்கமாகத் திரித்தால் இடைவெளிகள் அடைபட்டுச் சுடர் மங்கும். தளர்வாக விட்டால் திரி சொதசொதவென்று எண்ணெய்க்குள் விழுந்துவிடும். அந்தக் காலத்தில் கரிந்த நுனியை அடிக்கடி தட்டித் தூண்டிவிட வேண்டியிருந்தது. அதனால்தான் தூண்டவே வேண்டாத விளக்கு, அணையாத நந்தா விளக்கு என்பதெல்லாம் தெய்வத்துக்கு உவமை ஆயின. ஐரோப்பாவில் மெழுகுவர்த்திக்காரர்கள் 1820-களில்தான் இதற்கு ஒரு வழி கண்டார்கள். கம்பசேரே என்ற பிரெஞ்சுக்காரர் திரியைப் பின்னல் போலப் பின்னினார். எரியும்போது நுனி வளைந்து சுடரின் ஓரத்துக்குப் போய், தானே சாம்பலாகிவிடும். வெட்டிவிட ஆள் தேவையில்லை.

நம் ஊர்க் கல்வெட்டுகளில் விளக்குக்குக் குறைவே இல்லை. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கோயிலில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் என்று கணக்கு. அவற்றிலிருந்து தினமும் ஓர் உழக்கு நெய் வர வேண்டும். ஆடுகள் செத்தாலும் குட்டிகளால் எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதால் 'சாவா மூவாப் பேராடு' என்று பெயர். ஆடும் நெய்யும் இப்படி அணுஅணுவாகக் கணக்கிடப்பட, திரி பெரும்பாலும் அந்தக் கணக்குக்கு வெளியே ஓரமாகவே நிற்கிறது. பருத்தி அவ்வளவு மலிவாக, அவ்வளவு பக்கத்தில் கிடைத்தது போலும்.

பருத்தியே இல்லாத விளக்கின் கதையும் நம்மிடம் இருக்கிறது. பெரியபுராணத்தின் கணம்புல்ல நாயனார், கணம்புல்லை அறுத்து விற்று அந்தக் காசில் நெய் வாங்கி விளக்கு ஏற்றியவர். ஒருநாள் தில்லையில் புல் விற்கவில்லை. புல்லையே விளக்காக எரித்தார். குறித்த நேரம்வரை அது வரவில்லை. தன் தலைமுடியையே அடுத்துக் கொளுத்தினார். பக்தியைச் சொல்ல வந்த கதைதான். ஆனாலும் எண்ணெய் ஊட்டாமல் எரியும் பொருள் எவ்வளவு சீக்கிரம் தீர்ந்துபோகும் என்பதை இதைவிடக் கொடூரமாகச் சொல்லிவிட முடியாது.

மதுரை வட்டாரத்தில் பருத்திக்கு என்ன பஞ்சம்? கரிசல் மண்ணில் விளைந்த கருங்கண்ணி குட்டை இழை, முரட்டு ரகம். மெல்லிய நூலுக்கு ஆகாது, திரிக்கு அது போதும். 1892-ல் ஹார்வி சகோதரர்கள் மதுரையில் ஆலை தொடங்கினார்கள். அதே காலகட்டத்தில்தான் மண்ணெண்ணெயும் ஊர் ஊராக நுழைந்தது. அது திரியின் கணக்கையே மாற்றிவிட்டது. மண்ணெண்ணெய் நீர்த்தது, திரியில் உயரமாக ஏறும். ஆகவே தொட்டி கீழே, சுடர் மேலே. அரிக்கேன் விளக்கின் பட்டைத் திரியும், சாவியைத் திருகி ஏற்றி இறக்கும் வசதியும் இதனால்தான் சாத்தியமாயின.

ஆனால் மண்ணெண்ணெயோடு ஆபத்தும் வந்தது. திரி ஸ்டவ்வில் ஒவ்வொரு திரியும் தன் குழாயை நிரப்பிக்கொண்டு நிற்க வேண்டும். பழசாகித் தேய்ந்தோ, பத்துத் திரிக்குப் பதில் எட்டுப் போட்டுச் சிக்கனம் பிடித்தோ இடைவெளி விழுந்தால், சுடர் அந்தச் சந்து வழியாகத் தொட்டியில் இருக்கும் ஆவியைத் தொட்டுவிடும். கலப்பட எண்ணெய் என்றால் கேட்கவே வேண்டாம். 'ஸ்டவ் வெடித்துப் பெண் பலி' என்ற தலைப்பைப் படித்துப் படித்து ஒரு தலைமுறையே மரத்துப்போனது (அதில் எத்தனை விபத்து, எத்தனை கொலை என்பது வேறு கதை). சில ரூபாய் திரியை நேரத்துக்கு மாற்றாததும் உயிர்ப் பிரச்சினைதான்.

சரி, கருகவே கருகாத திரி கிடைத்தால்? இந்த ஆசை ரொம்பப் பழையது. கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் பௌசானியஸ் என்ற கிரேக்கர், ஏதென்ஸ் கோயிலில் இருந்த ஒரு பொன் விளக்கைப் பற்றி எழுதுகிறார். வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் ஊற்றினால் போதுமாம். திரி, நெருப்பில் எரியாத ஒருவகை 'நார்'. அது கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் என்பது அறிஞர்கள் முடிவு. மேலைநாட்டு மண்ணெண்ணெய் அடுப்புகளிலும் பிற்காலத்தில் அதுவே திரியாக வந்தது. அந்தத் தூசி நுரையீரலில் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகம் ஒப்புக்கொள்ள 20-ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதி ஆனது.

இன்னொரு வழி பெட்ரோமாக்ஸ் மேண்டில். அது திரியின் பங்காளி. ஆஸ்திரியாவின் அவுயர் ஃபான் வெல்ஸ்பாக், துணிவலையைத் தோரிய உப்பில் தோய்த்தார். முதல்முறை கொளுத்தியதும் துணி போய்விடும், ஆக்சைடு சாம்பல் கூடாக நின்று வெள்ளையாக ஒளிரும். தொட்டால் பொடிப்பொடி. 'வைதேகி காத்திருந்தாள்' (1984) படத்தில் கவுண்டமணி மேண்டிலை எடுத்துக்காட்டி விளக்க, செந்தில் அதை அமுக்கிப் பார்த்த காட்சியின் வேதியியல் இதுதான் :-) அந்தத் தோரியத்துக்காகத்தான் 1909-ல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானியர் அன்றைய திருவிதாங்கூர்க் கடற்கரையில் மோனசைட் மணலைக் கண்டுபிடித்தார். மணவாளக்குறிச்சியில் தோண்ட ஆரம்பித்தார்கள். தோரியம் கதிர்வீச்சு உள்ள பொருள் என்பதால் பல நாடுகளில் மேண்டில்கள் பின்னர் இட்ரியத்துக்கு மாறின.

கடைசியாக அந்தச் சட்டவிரோதக் கருவி. 2003-ல் சீன மருந்தாளர் ஹோன் லிக் காப்புரிமை கேட்ட இ-சிகரெட்டின் வாரிசுகளில், வாங்குபவரே கம்பிச்சுருள் சுற்றித் திரி மாற்றிக்கொள்ளும் அட்டமைசர் ஒருவகை. சுடர் கிடையாது. மின்சாரத்தில் சூடாகும் கம்பி, கிளிசரினும் புரோப்பிலீன் கிளைக்காலும் கலந்த நிக்கோட்டின் திரவம், நடுவே ஒரு திரி. கிளிசரின் கொழகொழப்பானது. அதனால் அகல் விளக்கின் அதே தொல்லை இங்கேயும் உண்டு, திரி குட்டையாகவும் தளர்வாகவும் இருக்க வேண்டும். முதலில் சிலிக்கா கயிறு போட்டார்கள், கருகாது என்று. கம்பி பழுக்கப் பழுக்க அது நொறுங்கியது. உதிரும் கண்ணாடித் துகள் மூச்சோடு உள்ளே போனால் என்ன ஆகும் என்ற பயம் வந்தது. பிறகு எஃகு வலையைத் தீயில் வாட்டிச் சுருட்டிப் பார்த்தார்கள். கடைசியில், 2012-13 வாக்கில், பெரும்பாலோர் வந்து சேர்ந்த இடம் பருத்தி!

பருத்தி கருகும் என்பதே அதற்குச் சாதகமாகவும் ஆனது. திரவம் தீர்ந்தால் ஒரே இழுப்பில் தொண்டை காந்தும், ஆள் நிறுத்திவிடுவார். ஆனால் அந்த இழுப்பில் வருவது அக்ரோலினும் ஃபார்மால்டிஹைடும். எந்தத் திரியைப் போட்டாலும் நிக்கோட்டின் நிக்கோட்டின்தான். தமிழ்நாடு 2018-லும், நாடு முழுக்க 2019-லும் இதைத் தடை செய்தார்கள். விற்றால் முதல்முறையே ஓராண்டு சிறையும் ஒரு லட்சம் அபராதமும் வரை போகலாம்.

இதில் இன்னொரு வேடிக்கை. திரி போடும் முன் அவர்கள் பஞ்சைத் தண்ணீரில் கொதிக்க வைப்பார்கள். பச்சைப் பருத்தியின் மேல் மெல்லிய மெழுகுப் பூச்சு உண்டு, அது தண்ணீரையும் தண்ணீரோடு கலக்கும் கிளிசரினையும் உள்ளே விடாது. இராஜபாளையம் பக்கம் சத்திரப்பட்டியின் மருத்துவத் துணித் தொழிலுக்கும் இந்த மெழுகை நீக்குவதுதான் அடிப்படை. காரத்தில் வேகவைத்து வெளுப்பார்கள். வெளுத்த மருத்துவப் பஞ்சைத் தண்ணீரில் போட்டால் 10 விநாடிக்குள் மூழ்க வேண்டும் என்பது விதி. ஆனையூர்க் கடையில் கிடைக்கும் வெளுக்காத பஞ்சுத் திரி அந்தச் சோதனையில் தேறாது, மிதக்கும். எண்ணெய்க்கு மெழுகு ஒரு தடையே இல்லை. நல்லெண்ணெயில் போட்டால் அதே திரி உடனே நனைந்து எரியத் தயாராகிவிடும்.