பகலுறக்கம்: தடையும் விதிவிலக்கும்

உண்டபின் உறக்கம் வருதல் உயிரியற்கை. அவ்வாறு வரும் பகலுறக்கம் உடலுக்கு நலம் பயப்பதா, கேடு சூழ்வதா என்னும் வினா மிகப் பழையது. துறவியரும், அறமுரைத்தோரும், மருத்துவரும், தொழிற்சாலைச் சட்டம் வகுத்தோரும் தத்தம் காலத்தில் இதற்கு விடை கூறியுள்ளனர். அவ்விடைகளை வரலாற்று முறையில் தொகுத்து நோக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா எனக்கு நூல்களில் தொடங்கியதன்று. என் தந்தையார் பஞ்சாலை ஒன்றில் இரவு முறையில் வேலை பார்த்தவர். விடிந்தபின் வீடு திரும்புவார், பழையது உண்பார், சன்னலில் கோணிச் சாக்கைத் தொங்கவிட்டு வெயிலை மறைத்துப் படுப்பார். ஒருநாள் வீட்டுக்கு வந்த உறவினர் ஒருவர் அவர் உறங்குவதைக் கண்டு, "பகலில் தூங்குகிற வீட்டில் இலட்சுமி தங்கமாட்டாள்" என்று சொல்லிச் சென்றார். அம்மா மறுமொழி கூறவில்லை. அதன்பின் யாரேனும் வரக்கூடும் என்று தோன்றும் நாள்களில் தந்தையார் படுக்கை விரிப்பதில்லை. திண்ணைத் தூணில் சாய்ந்து, அமர்ந்தபடியே கண்மூடியிருப்பார். இரவெல்லாம் நின்று உழைத்தவர் பகலில் படுக்க நாணிய அக்காட்சியே பிற்காலத்தில் என்னை இவ்வாராய்ச்சிக்கு ஈர்த்தது.

சொல்லில் உறையும் பொருள்

உறக்கத்தைக் குறிக்கத் தமிழில் துயில், தூக்கம், நித்திரை எனப் பல சொற்கள் உள. சிறுபொழுது உறங்குதலைக் கண்ணயர்தல் என்றும் தலைசாய்த்தல் என்றும் கூறுகிறோம். அயர்தல் என்பதற்குத் தளர்தல், சோர்தல் என்பன பொருள்கள். ஆகவே, கண்ணயர்ந்தான் என்று கூறும்போதே அவன் களைத்தவன் என்னும் செய்தியும் உடன் வருகிறது. "உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு" என்பது பழமொழி. பணி செய்யக் கடமைப்பட்டவனுக்கும் இம்மயக்கம் வரும், அதனைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்னும் இரக்கம் இதில் உள்ளது. கடிந்துரைக்கும் வழக்கும் பரிந்துரைக்கும் வழக்கும் ஒரே மக்களிடையே அருகருகே வாழ்ந்துள்ளன.

துறவியரும் அறமுரைத்தோரும்

பகலுறக்கத்தைக் கடிந்தவருள் முன்னவராகச் சீனப் பேராசான் கன்பூசியசைக் குறிப்பிடலாம். அவர் வாழ்ந்த காலம் கி.மு. 551 முதல் 479 வரை என்பர். தம் மாணாக்கருள் ஒருவரான சாய் யூ பகலில் உறங்கியதைக் கண்ட அவர், அம்மாணாக்கரைச் செதுக்குதற்கு உதவாத மக்கிய மரத்துக்கு ஒப்பிட்டார் என்று அவருடைய உரைகளின் தொகுப்பு கூறுகிறது. கற்க வேண்டிய பொழுதை உறக்கத்தில் கழித்தான் என்பதே ஆசானின் சினத்துக்குக் காரணம். ஈண்டு பேசப்படுவது ஒழுக்கம், உடல்நலம் அன்று.

இதே குற்றச்சாட்டு இந்திய மண்ணில் புத்தர்பிரான் மீதே எழுந்தது. மச்சிம நிகாயத்தின் 36ஆவது சூத்திரம் மகாசச்சக சுத்தம் எனப்படும். வைசாலியில் சச்சகன் என்னும் வாதி புத்தரை அணுகி, பகலில் உறங்கியதுண்டா என்று வினவுகிறான். புத்தர் மறைக்கவில்லை. வேனிற்காலத்தின் கடைசி மாதத்தில், பிச்சை ஏற்று உண்டு திரும்பியபின், மேலாடையை நான்காக மடித்து விரித்து, வலப்பக்கம் சாய்ந்து, நினைவோடு உறங்கியதுண்டு என்று ஒப்புக்கொள்கிறார். அதனை மயக்கத்தில் வாழ்தல் என்று சிலர் பழிப்பரே என்று சச்சகன் மேலும் வினவ, மயக்கத்தை அளக்கும் கோல் அதுவன்று என்று விளக்குகிறார். பருவம், பொழுது, நடந்த களைப்பு, கிடந்த நிலை ஆகிய யாவும் அவ்விடையில் அடங்கியிருத்தல் கருதத்தக்கது.

மேலைநாட்டிலும் இத்தகைய இசைவு இருந்தது. 6ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த புனித பெனடிக்டு தம் மடத்துத் துறவியர்க்கு வகுத்த ஒழுங்கில், கோடைக்காலத்தில் ஆறாம் மணி வழிபாட்டுக்குப் பின் உண்டெழுந்து, படுக்கையில் அமைதியாக ஓய்வு கொள்ள இடமளித்தார். விடியலிலிருந்து எண்ணப்படும் அந்த ஆறாம் மணி நம் நண்பகலாகும். ஆறாவது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்தே இசுப்பானியரின் 'சியெஸ்தா' என்னும் சொல் பிறந்தது. இசுலாமிய மரபிலும் நண்பகற் சிறுதுயில் 'கைலூலா' என்னும் பெயரால் போற்றப்படுகிறது. வைகறைக்கு முன்னரே எழுந்து வழிபடுவோர் இழந்த உறக்கத்தை நண்பகலில் ஈடுசெய்தனர் என்பது இவ்விரு மரபுகளுக்கும் பொதுவாகும்.

மருத்துவ நூல்களின் தீர்ப்பு

உடல்நலம் என்னும் நோக்கில் இவ்வினாவை விரிவாக ஆராய்ந்தோர் ஆயுர்வேத ஆசிரியர்கள். சரக சங்கிதையின் சூத்திரத்தானத்து 21ஆம் இயல் உடற்பருமன், உடல்மெலிவு ஆகியவற்றோடு உறக்கத்தையும் பேசுகிறது. பகலுறக்கம் கபத்தையும் பித்தத்தையும் மிகுவிக்கும். ஆதலின் வேனில் ஒழிந்த பருவங்களில் தகாது என்பது அதன் பொது விதி. வேனிலில் இரவு குறுகும், உடல் வறளும், வாதம் மிகும். ஆகவே அப்பருவத்தில் பகலுறக்கம் பொதுவாக இசைவுடையது. பருத்த உடலினரும், நெய்ப்பண்டம் மிகுதியாக உண்போரும், கபநோயுடையோரும் எப்பருவத்திலும் பகலில் உறங்கலாகாது. தகாத பகலுறக்கத்தால் தலைவலி, உடற்கனம், பசித்தீ மந்தம் முதலியன தோன்றும் என்றும் அந்நூல் எச்சரிக்கிறது.

இவ்வளவோடு நின்றிருந்தால் அது வெறும் தடைநூலாக முடிந்திருக்கும். ஆனால் எப்பருவத்திலும் பகலில் உறங்கத்தக்கோர் யாவர் என்று ஒரு நீண்ட பட்டியலையும் சரகர் தருகிறார். பாடிக் களைத்தோர், கற்றுக் களைத்தோர், சுமை தூக்கியோர், நெடுவழி நடந்தோர், முதியோர், சிறுவர், மெலிந்தோர், புண்பட்டோர், இரவில் விழித்தோர், துயராலும் அச்சத்தாலும் சோர்ந்தோர், பகலுறக்கம் பழகிப்போனோர் ஆகியோர் அப்பட்டியலில் இடம்பெறுகின்றனர். வேறொரு நுண்ணிய குறிப்பும் உண்டு. இரவு விழிப்பு உடலை வறட்டும். பகலிற் படுத்துறங்கல் நெய்ப்பை மிகுவிக்கும். அமர்ந்தபடி கண்ணயர்தலோ இவ்விரண்டும் செய்யாது என்கிறார். திண்ணைத் தூணில் சாய்ந்திருந்த தந்தையாரின் நினைவு எனக்கு இவ்விடத்தில் எழுந்தது.

சுசுருத சங்கிதை காலஅளவையும் வரையறுக்கிறது. தடை செய்யப்பட்ட பருவங்களிலும் சிறுவர், முதியோர், பயணத்தாலும் வேலையாலும் களைத்தோர், உண்ணாதிருப்போர் முதலியோர் ஒரு முகூர்த்தம் பகலில் உறங்குதல் குற்றமன்று என்பது அந்நூலின் கருத்து. முகூர்த்தம் என்பது இரண்டு நாழிகை. இன்றைய கணக்கில் 48 நிமிடம். இரவில் விழித்திருந்தோர் அவ்விழிப்பில் பாதியளவு பகலில் உறங்கலாம் என்றும் அது கூறுகிறது. அட்டாங்க இருதயம் இயற்றிய வாகபடரும் இதனை வழிமொழிந்து, அவ்வுறக்கத்தை உண்பதற்கு முன் காலையிலேயே கொள்க என்கிறார். எட்டு மணிநேரம் ஆலையில் விழித்தவன் நான்கு மணிநேரம் பகலில் உறங்க, அந்நூல்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே உரிமை வழங்கிவிட்டன.

நம் சித்த மருத்துவத்தில் தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதி பகல் துயிலைத் தவிர்க்கச் சொல்கிறது. நாளொழுக்கத்தை எவரும் எளிதில் மனங்கொள்ளும் பொருட்டு யாக்கப்பட்ட பாடல் அது. அத்தகைய பாடலில் நீண்ட விதிவிலக்குப் பட்டியலுக்கு இடமிருப்பதில்லை. மக்கள் நினைவில் நிற்பதும் சுருக்கமான விதியே. தடை வாய்மொழியாக வீடுதோறும் பரவியது. விதிவிலக்கோ ஏட்டிலேயே தங்கிவிட்டது. என் தந்தையாரைக் கடிந்த உறவினர் அறிந்ததும் தடை ஒன்றையே.

ஆலைச்சங்கும் கடிகாரமும்

உழவரின் நாள் வெயிலை ஒட்டி அமைந்தது. கருக்கலில் ஏர் பூட்டி, உச்சிவேளையில் மரநிழலில் துண்டை விரித்துப் படுத்து, வெயில் தாழ்ந்தபின் மீண்டும் வயலில் இறங்குவர். ஆலைச்சங்கு ஒலிக்கத் தொடங்கியபின் வேலைப்பொழுதைக் கடிகாரமே ஆளலாயிற்று. இந்தியத் தொழிற்சாலைகள் சட்டம், 1948, ஐந்து மணிநேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கலாகாது, இடையே அரைமணி நேரமேனும் ஓய்வு தரவேண்டும் என்று விதித்தது. அது பெரிய நன்மையே. எனினும் அவ்வரைமணி உண்பதற்கும் கைகழுவுவதற்குமே சரியாகிவிடும். கடைகளில் பணிபுரிவோர் நிலை இதனினும் கடினம். அவர்களுக்கு இருக்கை வசதி செய்துதர வேண்டும் என்னும் சட்டத்திருத்தத்தைத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2021ஆம் ஆண்டில்தான் நிறைவேற்றியது. அமர்ந்தபடி கண்ணயர்தல் தீங்கன்று என்று சரகர் கூறினார். அமர்வதற்கே சட்டம் வேண்டியிருந்தது.

இக்கால ஆய்வுகள்

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உறக்கம் தனியொரு ஆய்வுத்துறையாக வளர்ந்தது. பிற்பகலில் தோன்றும் சோர்வு உணவால் மட்டும் வருவதன்று, உடலின் நாட்சுழற்சியிலேயே அமைந்தது, உண்ணாதவர்க்கும் வருவது என்று அறிஞர் கண்டனர். பழமொழி தொண்டனுக்கும் உண்டு என்றது. அறிவியல் உண்ணாதவனுக்கும் உண்டு என்றது. பிற்பகல் அமர்வில் பேச அழைக்கப்படும் இலக்கிய அன்பர் எவர்க்கும் இது புதுச்செய்தியன்று.

அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசா நெடுந்தொலைவு விமானிகளிடையே நடத்திய ஆய்வு 1994இல் வெளியாயிற்று. பறக்கும்போது முறைவைத்து 40 நிமிட ஓய்வு பெற்றோர் சராசரியாக 26 நிமிடம் உறங்கினர். ஓய்வு பெறாதோரைவிட விழிப்புடன் செயற்பட்டனர். கிரேக்க நாட்டில் 23,681 பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2007இல் வெளிவந்தது. ஒழுங்காகப் பகலுறக்கம் கொண்டோரிடையே இதயத் தமனி நோயால் நேர்ந்த இறப்பு 37 விழுக்காடு குறைந்திருந்தது என்று அது கூறியது.

மறுபுறச் சான்றுகளும் உள. 20க்கும் மேற்பட்ட ஆய்வுகளில் இடம்பெற்ற 313,651 பேரின் தரவுகளைத் தொகுத்து நோக்கிய ஓர் ஆய்வு 2020இல் முன்வைக்கப்பட்டது. நாளும் ஒரு மணிநேரத்துக்கு மேல் பகலில் உறங்குவோரிடையே இறப்பு வாய்ப்பு 30 விழுக்காடு மிகுந்திருந்தது என்பது அதன் முடிவு. பிரித்தானியாவில் ஏறத்தாழ 3,60,000 பேரின் தரவுகளைக் கொண்டு 2022இல் வெளிவந்த ஆய்வு, அடிக்கடி பகலில் உறங்குவோரிடையே குருதிக்கொதிப்பும் பக்கவாதமும் மிகுந்திருத்தலைக் காட்டியது.

இம்முரண்பாட்டை எவ்வாறு புரிந்துகொள்வது? இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் இரு செய்திகளின் உடனிகழ்வையே காட்டுவன. காரணத்தை உறுதியாக நிறுவுவன அல்ல. இரவுறக்கம் கெட்டவர், உறக்கத்தில் மூச்சுத்தடைப்படும் நோயினர், நீரிழிவினர் ஆகியோர்க்குப் பகலில் உறக்கம் மிகுதியாக வரும். அங்கே நெடிய பகலுறக்கம் நோயின் விளைவாகவோ அறிகுறியாகவோ இருத்தல் கூடும். போதிய அளவு இரவில் உறங்கியும் பகலில் உறக்கம் அடங்காதவர் மருத்துவரை நாடுதல் வேண்டும். நீண்டு உறங்கினால் ஆழ்துயிலிலிருந்து விழிக்க நேர்ந்து மந்தம் தங்கும், இரவுறக்கமும் கெடும். ஆகவே நலமுடையோர் பிற்பகலின் முற்பகுதியில் அரைமணியளவில் எழுந்துவிடுதல் நன்று. சுசுருதர் வகுத்த இரண்டு நாழிகை எல்லையும், உடல்நிலை நோக்கி விதியும் விலக்கும் கூறிய சரகர் முறையும் இன்றைய கருத்துக்கு வெகு தொலைவில் இல்லை.

சென்னையில் ஒரு சோதனை

தமிழகத்துக்கு நேரே உரிய சான்று ஒன்றுண்டு. சென்னையில் குறைந்த வருவாயுடைய 452 பேரை ஒரு மாதம்போல் தரவுப்பதிவு வேலையில் அமர்த்திப் பொருளியல் அறிஞர் நடத்திய சோதனையின் முடிவு 2021இல் வெளியாயிற்று. அம்மக்கள் இரவில் எட்டு மணிநேரம் படுத்திருந்தும் ஏறத்தாழ ஐந்தரை மணிநேரமே உறங்கினர். வெக்கையும் கொசுவும் இரைச்சலும் உள்ள வீடுகளில் வேறென்ன நேரும்? சிலர்க்கு இரவுறக்கம் கூடுதற்கான துணைப்பொருள்கள் தரப்பட்டன. உறக்கம் 27 நிமிடம் கூடியும் வேலைத்திறனில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. வேலையிடத்திலேயே பிற்பகலில் அரைமணி நேரம் அமைதியாக உறங்க வாய்ப்புப் பெற்றோர்க்கோ வேலைத்திறனும், கவனமும், மனநலமும் மேம்பட்டன.

ஆயினும் அம்முடிவில் ஓர் உண்மை நெஞ்சை உறுத்துகிறது. உறங்கிய அரைமணியில் வேலை நடவாமையால், இடைவிடாது உழைத்தவரைவிட உறங்கியவரின் மொத்த ஊதியம் குறைந்தது. அதே அரைமணியை வெறும் ஓய்வாகக் கழித்தவரைவிட அவர் மிகுதியாக ஈட்டினார் என்பது உண்மையே. உறக்கத்தின் நலம் உடலுக்கும் வேலைக்கும் சென்றது. அதன் விலையை உழைத்தவரே செலுத்தினார்.

பகலுறக்கம் நன்றா தீதா என்னும் வினாவுக்கு ஒரே சொல்லில் விடையில்லை என்பதை வரலாறு காட்டுகிறது. யாருக்கு, எப்பருவத்தில், எவ்வளவு, எக்காரணத்தால் என்று பழைய மருத்துவர் கேட்டனர். அவ்வினாக்களை நாம் மறந்தோம். தடையை மட்டும் பிடித்துக்கொண்டு களைத்தவரைச் சோம்பர் என்றோம். இரவெல்லாம் வாயிலில் நின்ற காவலரும், மருத்துவமனையில் விழித்திருந்த செவிலியரும், ஆலையிலிருந்து திரும்பிய தொழிலாளியும் பகலில் கதவைச் சாத்திப் படுத்தால், அது அவர்க்கு நூல்கள் அளித்த உரிமை.

என் தந்தையார் இன்றில்லை. சுசுருதரின் அவ்விதியைப் படித்துக்காட்டும் பேறு எனக்கு வாய்க்கவில்லை. வாய்த்திருப்பின், திண்ணையை விட்டெழுந்து உள்ளே சென்று பாயை விரித்திருப்பார்.