உடற்பயிற்சிக் கூடம் செல்லத் தயக்கமா? புதியவர்களுக்கான விளக்கம்

ஜிம் எனப்படும் உடற்பயிற்சிக் கூடத்தில் புதிதாகச் சேர்வோர் பலருக்குத் தயக்கம் ஏற்படுகிறது. ‘எல்லோரும் என்னையே பார்ப்பார்கள்’, ‘கருவிகளை இயக்கத் தெரியாது’, ‘இந்த வயதில் எனக்கு இது தேவையா’ என்ற எண்ணங்கள் எழுகின்றன. இது நோய் அன்று. பழக்கமில்லாத இடத்தில் தோன்றும் இயல்பான அச்சமே. ஆயினும் இதனால் இருவகைத் தீங்குகள் விளைகின்றன. சிலர் பயிற்சியையே கைவிடுகின்றனர். வேறு சிலர், பிறர் முன் குறைவாகத் தோன்றக் கூடாது என்று முதல் நாளிலேயே அளவுக்கு மீறிய எடையைத் தூக்கிக் காயமடைகின்றனர்.

தசை வலுவூட்டும் பயிற்சி ஏன் தேவை?

உணவுக்குப் பின் இரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பங்கைத் தசைகளே எடுத்துக்கொள்கின்றன. வயது கூடும்போது தசையின் அளவும் வலிமையும் குறைகின்றன. எனவே, பெரியவர்கள் வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்புடன், குறைந்தது 2 நாட்கள் தசை வலுவூட்டும் பயிற்சியும் செய்ய வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் பரிந்துரைத்துள்ளது. நடைப்பயிற்சி மட்டும் இந்த இரண்டாம் தேவையை நிறைவு செய்யாது.

பிறர் உண்மையில் நம்மைக் கவனிக்கிறார்களா?

நாம் எண்ணும் அளவுக்கு இல்லை. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக உளவியலாளர்கள் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கூச்சம் தரும் படமுள்ள சட்டையை அணிந்த மாணவர்கள், அறையில் இருந்தோரில் ஏறத்தாழப் பாதிப் பேர் அதைக் கவனித்திருப்பர் என எண்ணினர். உண்மையில் கவனித்தோர் ஏறத்தாழ கால் பங்கினரே.

தயக்கத்தைக் குறைக்கும் வழிமுறைகள்

• முதல் நாள் இடத்தை மட்டும் பார்வையிடுங்கள். கூட்டம் குறைந்த நேரம், மகளிருக்கான தனி நேரம் ஆகியவற்றைக் கேட்டறியுங்கள். ஆண்டுக் கட்டணம் செலுத்தாமல் ஒரு மாதத்திற்கு மட்டும் சேருங்கள்.
• முதல் வாரத்தில் 20 நிமிடங்கள் போதும். 10 நிமிட நடைக்குப் பின் இரண்டு கருவிகளை மட்டும் பயிற்சியாளரிடம் கற்றுக்கொள்ளுங்கள்.
• 10 முதல் 12 முறை செய்த பின்னும் மேலும் இரண்டு முறை செய்ய இயலும் என்ற அளவில் எடையைத் தேர்ந்தெடுங்கள். குறைந்த எடையில் தொடங்குவதே சரியான முறை.
• கூச்சம் மிகும்போது உடனே வெளியேறாதீர்கள். உடனடியாக விலகினால் அச்சம் வலுப்பெறும். சற்று ஓய்வெடுத்து, எளிய பயிற்சி ஒன்றைச் செய்துவிட்டுப் புறப்படுங்கள்.
• பிறருடன் ஒப்பிட்டு, மருத்துவர் பரிந்துரைக்காத ஊசி, மாத்திரைகளைப் பயன்படுத்தாதீர்கள்.

யார் முதலில் மருத்துவரை அணுக வேண்டும்?

இதய நோய், கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தம் அல்லது நீரிழிவு உள்ளோரும் கருவுற்ற தாய்மார்களும் மருத்துவ ஆலோசனை பெற்ற பின்னரே தொடங்க வேண்டும். இன்சுலின் செலுத்திக்கொள்வோர் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் கையில் வைத்திருக்க வேண்டும். எடை தூக்கும்போது எவரும் மூச்சை அடக்கக் கூடாது.

எந்த வலி இயல்பானது?

புதிய பயிற்சிக்குப் பின் மறுநாளோ அதற்கடுத்த நாளோ தசைகளில் வலி தோன்றி, சில நாட்களில் தானாகக் குறையும். கடும் தசைவலியுடன் வீக்கம் அல்லது கருமையான சிறுநீர் இருப்பின், தசை சிதைந்து சிறுநீரகம் பாதிக்கப்படக்கூடும். தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மார்பு வலி, மயக்கம், கடும் மூச்சுத்திணறல் ஏற்பட்டால் பயிற்சியை நிறுத்தி 108-ஐ அழையுங்கள்.

கூடத்திற்குச் செல்ல இயலாவிட்டால்?

நாற்காலியில் அமர்ந்து எழுதல், சுவரில் கைகளை ஊன்றித் தள்ளுதல், நீர் நிரப்பிய புட்டிகளைத் தூக்குதல் ஆகியவற்றை வீட்டிலேயே செய்யலாம். சில பூங்காக்களில் உள்ள உடற்பயிற்சிக் கருவிகளையும் பயன்படுத்தலாம். தசைகளுக்கு வாரம் இருமுறை வேலை கொடுப்பதே நோக்கம்; இடம் எதுவாகவும் இருக்கலாம்.

பணியிடம், திருமணம் போன்ற பிற இடங்களிலும் இதே அச்சம் நீடித்து அன்றாட வாழ்வைப் பாதித்தால், 14416 என்ற கட்டணமில்லா மனநல உதவி எண்ணை அழைக்கலாம். உடற்பயிற்சி தொடர்பான ஐயங்களுக்கு அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரை அணுகவும்.