கிணற்றடியும் திருமுழுக்குத் தொட்டியும்: கொங்கு நாட்டிலிருந்து ஒரு வாசிப்பு

விவிலியத்தில் தண்ணீர் என்றதும் செங்கடலும் யோர்தானும்தான் விளக்கவுரைகளில் முன்னால் வந்து நிற்கின்றன. ஆனால் அந்நூல் பிறந்த மண்ணின் பெரும்பகுதி ஆற்றுப் பாசனம் அறியாதது. எகிப்தைப்போல மனிதர் பாய்ச்சும் நீரால் விளையாமல் வானத்து மழையைக் குடிக்கும் நாடு அது என்று இணைச்சட்ட நூலின் 11ஆம் அதிகாரமே பிரித்துச் சொல்கிறது. ஈசாக்கின் வேலையாட்கள் தோண்டிய கிணறுகளுக்காக மேய்ப்பர்கள் மோதிக்கொண்டதைத் தொடக்க நூல் 26ஆம் அதிகாரத்தில் காணலாம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கும் கொங்கு நாட்டாருக்கு இந்த நிலம் அயலானதன்று. நொய்யலும் பவானியும் அமராவதியும் ஓடினாலும் வாய்க்கால் எட்டாத நிலமே இங்கே மிகுதி. மழையை நம்பியது காடு, கிணறு வெட்டினால் தோட்டம், வாய்க்கால் பாய்ந்தால் வயல் என்று உழவர்கள் தண்ணீரை வைத்தே நிலத்துக்குப் பெயரிட்டார்கள். பாறையை உடைத்துக் கிணறு இறக்கி, மாடு பூட்டிக் கவலை இறைத்த தலைமுறைக்கு யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரம் உரையில்லாமலே விளங்கும். கிணறு ஆழமானது, மொண்டெடுக்க வந்தவரிடம் ஒன்றும் இல்லை என்கிறாள் சமாரியப் பெண். நாப்லுஸ் அருகே இன்றும் காட்டப்படும் யாக்கோபின் கிணறு ஏறத்தாழ 40 மீட்டர் ஆழமுள்ளது.

அந்த உரையாடலில் உரையாசிரியர்கள் வாழ்வு தரும் தண்ணீரை நோக்கி விரைகிறார்கள். அதற்கு முன் நிகழ்வதில்தான் இக்கட்டுரையின் கவனம். யூதர்கள் சமாரியரோடு புழங்கமாட்டார்கள். இயேசுவோ ஒரு சமாரியப் பெண்ணின் குடத்திலிருந்து குடிக்கக் கேட்கிறார். கொடுக்கும் தண்ணீரைப் பற்றிப் பேசுமுன் வாங்கிக் குடிக்கத் தயாராகிறார். ஊருக்கொரு கிணறும் சேரிக்கொரு கிணறுமாக இருந்த, உயரத்திலிருந்து ஊற்றப்படும் நீரைக் கைகளைக் குவித்து வாங்க வேண்டியிருந்த, தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை அண்மைக்காலம்வரை பதிவான ஒரு வட்டாரத்தில் இந்த வேண்டுகோளின் கனம் தனி. இங்கே தண்ணீர் தூய்மையின் குறியீடாக இருப்பதற்கு முன்பே பங்கீட்டின் குறியீடு என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மிஷன் வரலாறோ தூய்மையைப் பற்றியே நெடுங்காலம் வழக்காடியது. இராபர்ட் தெ நொபிலி மதுரையிலிருந்து புறப்பட்டுச் சேந்தமங்கலமும் சேலமும் வந்த 1623ஆம் ஆண்டில்தான், பூணூல், குடுமி, சந்தனத்தோடு நீராடலையும் நிபந்தனைகளுடன் அனுமதித்துத் திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி ஆணை வெளியிட்டார். நீராடல் வெறும் உடல் தூய்மையா, சமயச் சடங்கா என்பதே கேள்வி. 1703இல் புதுச்சேரிக்கு வந்த திருத்தந்தையின் தூதர் தூர்னோன், 1704இல், திருமுழுக்கில் உமிழ்நீர் தொடும் சடங்கை விட்டுவிடக் கூடாது என்றதோடு, நீராடலுக்கும் கட்டுப்பாடு விதித்தார். பதினான்காம் பெனடிக்ட் 1744இல் முடிவு சொல்லும்வரை இந்தப் பூசல் ஓயவில்லை.

இவ்வளவுக்கும் நடுவே, 17ஆம் நூற்றாண்டிலேயே, பிராமண சன்னியாசிக் கோலத்தில் ஒரு சாராரும் பண்டாரசாமிகளாக இன்னொரு சாராருமாகக் குருக்கள் பிரிந்து பணியாற்றினர். எல்லாரும் பெற்றது ஒரே திருமுழுக்கு. எல்லாரும் ஒரே குடத்தில் குடிக்கவில்லை. 1846இல் கருமத்தம்பட்டியில் ஆயராகத் திருநிலைப்படுத்தப்பட்ட மரியோன் பிரெசில்லாக், இந்தச் சடங்குச் சிக்கலில் மனசாட்சி உறுத்தியே பின்னாளில் கோவைப் பொறுப்பிலிருந்து விலகினார்.

கோவையில் இலண்டன் மிஷன் பணியை 1830இல் ஆடிஸ் தொடங்கினார். 1850இல் சென்னையில் கூடிய சீர்திருத்தத் திருச்சபை மிஷனரிகள் கேள்வியைத் திருப்பிப் போட்டனர்: தாழ்த்தப்பட்டவர் சமைத்ததை உண்டு சாதியைக் கைவிடாதவருக்குத் திருமுழுக்கு இல்லை. லைப்சிக் மிஷனார் இதை ஏற்கவில்லை. ஒருவரின் பந்திப் பழக்கத்தைச் சோதனையாக்குவதில் வன்மை உண்டு என்ற அவர்களின் தயக்கத்தைத் தள்ளிவிட முடியாது. ஆயினும் சமாரியக் கிணற்றடியின் உட்பொருளுக்கு அருகே வந்தது 1850இன் தீர்மானமே.

இதற்கு மறுப்பும் உண்டு. கலாத்தியர் மூன்றாம் அதிகாரத்தில் பவுல் திருமுழுக்கையே வேற்றுமை ஒழியும் இடமாகக் காட்டுகிறார். அப்படியிருக்கத் தனியே கிணறு எதற்கு? பவுல் சொல்வது உண்மை. ஆனால் திருமுழுக்கு வாழ்வில் ஒருமுறை, குடிநீர் அன்றாடம். அன்றாடத்தில் பொய்த்துப்போவதைத் தொட்டியின் நீர் மட்டும் தாங்கிப்பிடித்ததற்கு மேற்கண்ட வரலாறு சான்று தரவில்லை.

பங்கீடு ஆற்றுக்கும் பொருந்தும். எசேக்கியேல் 47இல் கோவிலிலிருந்து புறப்படும் நீர், விலகிச் செல்லச் செல்லப் பெருகி உவர்க்கடலையே நலமாக்குகிறது. அதன் பயன் கீழ்மடைக்குத்தான். நொய்யலில் நடந்தது நேரெதிர். பாசனத்துக்கென்று 1992இல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியது. கீழ்மடை உழவர்களின் கிணறுகள் உப்பேறின. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. நீரைப் புனிதம் என்று கொண்டாடும் எந்த இறையியலும் அந்தக் கிணறுகளைக் கணக்கில் கொள்ளவேண்டும்.

வழிபாட்டு மரபே இந்த வாசிப்புக்கு ஓர் ஆதாரம் தருகிறது. பாஸ்கா திருவிழிப்பில் கத்தோலிக்கர் திருமுழுக்கு நீருக்கு ஆசி கூறும் மன்றாட்டில் படைப்பும் வெள்ளப்பெருக்கும் செங்கடலும் யோர்தானும் வருகின்றன. சமாரியக் கிணறு வருவதில்லை. அந்தப் பகுதி முதலாம் ஆண்டு வாசகச் சுழற்சியில் தவக்கால மூன்றாம் ஞாயிறுக்கு உரியது. பாஸ்கா இரவில் திருமுழுக்குப் பெறவிருப்போரின் முதல் ஆய்வுச் சடங்கும் அன்றுதான். அதாவது, தொட்டியருகே வருவதற்குச் சில வாரங்கள் முன்பே அவர்களைத் திருச்சபை கிணற்றடிக்கு அழைத்துச் செல்கிறது.