மேகம்: குடையா, கம்பளியா?

மைசூரில் வாழும் தமிழர்களாகிய நாம் சித்திரை வெயிலில் வாடினாலும், ஆனி பிறந்து சாமுண்டி மலைமேல் மேகம் கவிந்ததும் ஆறுதல் அடைகிறோம். மேகம் ஒரு குடை என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் மார்கழி இரவில் வானம் தெளிந்திருந்தால் குளிர் மிகும். மேகம் மூடியிருந்தால் தணியும். தரையினின்று எழும் வெப்பத்தை அது கம்பளிபோல் தடுக்கிறது. அவ்வாறாயின், மேகம் மொத்தத்தில் பூமியைக் குளிர்விக்கிறதா, சூடேற்றுகிறதா?

நெடுங்காலம் இதற்கு உறுதியான விடை இல்லை. தரையில் நிற்போர்க்கு மேகத்தின் அடிப்புறமே தெரியும்; வரவு செலவு எழுத மேலிருந்து நோக்கவேண்டும். 1984-இல் அமெரிக்கர் செலுத்திய துணைக்கோள் ஒன்று அதற்கு வழிசெய்தது. அதன் அளவுகளைக் கொண்டு 1989-இல் விடை கூறிய குழுவின் தலைவர் வீரபத்ரன் ராமநாதன். இவர் பதினோராம் வயதில் குடும்பத்துடன் பெங்களூருக்குக் குடிபெயர்ந்தவர். தமிழில் படித்தவர்க்கு அங்கே ஆங்கிலப் பாடம் விளங்கவில்லை. ஆகவே எதனையும் தாமே சிந்தித்துத் தெளியப் பழகினார். பிற மாநிலத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நம்மவர்க்கு இத்தொல்லை புதிதன்று.

1985 ஏப்ரல் மாதத்து உலகக் கணக்கு இது: மேகங்கள் சதுர மீட்டருக்கு 44.5 வாட் அளவு வெயிலைத் திருப்பியனுப்பின, 31.3 வாட் வெப்பத்தைத் தடுத்து நிறுத்தின. குடையே விஞ்சியது. குளிர்ச்சியின் மிச்சம் 13.2 வாட்.

வெப்பமண்டலக் கடல்களின் கதை வேறு. கடல்நீர் தன்மேல் விழும் வெயிலில் பெரும்பகுதியை உட்கொள்கிறது. சூடேறிய நீரின்மேல் மலைபோல் எழும் மேகங்களின் உச்சி மிகக் குளிர்ந்தது. அது விண்வெளிக்கு விடும் வெப்பம் சிறிது. எனவே அங்கே குடையும் பெரிது, கம்பளியும் தடிப்பு. இரண்டும் ஏறக்குறைய ஈடாகிவிடுகின்றன. ஆனால் அக்குடையின் நிழல் கடல்மேல் விழுகிறதன்றோ? கடல் சூடேறினால் உயர்மேகம் பெருகி வெயிலை மறைத்து, வெப்பம் சுமார் 32 டிகிரியைத் தாண்டாமல் காக்கிறது என்று ராமநாதனும் வில்லியம் காலின்ஸும் 1991-இல் எழுதினர். நீர் ஆவியாதலும் காற்றோட்டமுமே கடலைத் தணிக்கப் போதும் என மற்றவர் மறுத்தனர். மறுப்பில் வலுவுண்டு என்றே நமக்குத் தோன்றுகிறது.

இந்தியாவும் பிரான்சும் இணைந்து 2011 அக்டோபர் 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ‘மேகா-டிராபிக்ஸ்’ துணைக்கோளைச் செலுத்தின. துருவங்களை நாடாது, வெப்பமண்டலத்தையே ஒருநாளில் பலமுறை சுற்றிவந்து, இவ்வரவு செலவை அளந்தது. பணி முடிந்தபின், 2023 மார்ச் 7 அன்று பசிபிக் கடலின்மேல் அது வீழ்த்தப்பட்டது.